சாவி வெளியே கிடக்கிறது: பிட்காயினைக் காப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிட்காயின் நெறிமுறையை எழுதுபவர்களுக்கும், நோடு ஓட்டுபவர்களுக்கும், மைனர்களுக்கும், வாலட் செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பிட்காயினின் கையொப்பத்தை, அதாவது நாணயம் தன்னுடையது என்று உரிமையாளர் காட்டும் டிஜிட்டல் முத்திரையை, உடைக்கும் திறனுள்ள குவாண்டம் கணினி எதுவும் இன்றுவரை உலகின் கண்ணில் பட்டதில்லை. அப்படி ஒன்று வருவதற்கு முன்பே இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். முதலாவது, பொதுச்சாவியை (அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் எண்ணை) வெளியே காட்டாத புதிய முகவரி வகையையும், குவாண்டம் கணினியால் உடைக்க முடியாத கையொப்பத்தையும் நெறிமுறைக்குள் கொண்டுவாருங்கள். இரண்டாவது, ஏற்கெனவே சாவி வெளியே தெரிந்துவிட்ட பழைய நாணயங்களை என்ன செய்வது என்று எல்லோர் முன்னாலும் பேசி முடிவெடுங்கள். இரண்டாவதில் சண்டை தீரட்டும் என்று முதலாவதை நிறுத்தி வைக்காதீர்கள். முதலாவது முடிந்துவிட்டது என்பதற்காக இரண்டாவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடவும் கூடாது.

நான் வீட்டில் ஒரு நோடு, அதாவது ஒவ்வொரு பரிவர்த்தனையும் விதிப்படி இருக்கிறதா என்று சரிபார்க்கும் கணினி, ஓட்டுகிறேன். புதிய விதி எதுவானாலும் என்னைப் போன்றவர்கள் அந்த மென்பொருளை ஏற்றினால்தான் அது விதியாகும். தமிழ் படிப்பவர்களிலும் அப்படிப் பலர் இருக்கிறார்கள், நாணயம் வைத்திருப்பவர்கள் அதைவிடப் பலர். அவர்கள் காதிலும் விழவேண்டும் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதில் இன்னும் நிறையக் குழப்பம் இருக்கிறது. குவாண்டம் கணினி வந்தால் மைனிங், அதாவது பரிவர்த்தனைகளைக் கட்டுக்கட்டாக (பிளாக்) பொது ஏட்டில் சேர்க்கும் வேலை, கவிழ்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது பெரிய கவலை அல்ல. 1996-ல் வந்த குரோவரின் வழிமுறை மைனிங்கில் நடக்கும் ஹாஷ் தேடலை ஓரளவுதான் வேகப்படுத்தும் (ஹாஷ் என்பது எந்தத் தரவையும், அதிலிருந்து திரும்பிப் போக முடியாத ஒரு சிறு குறியீடாக மாற்றும் கணக்கு). கோடிக்கணக்கில் ஓடும் மைனிங் சில்லுகளோடு போட்டிபோட அது போதாது. உண்மையான ஆபத்து கையொப்பத்தில் இருக்கிறது. உரிமையாளர் ரகசியமாக வைத்துக் கையொப்பமிடும் தனிச்சாவியிலிருந்து பொதுச்சாவியைக் கணக்கிடுவது எளிது, பொதுச்சாவியிலிருந்து தனிச்சாவிக்குத் திரும்புவது நடக்காத காரியம் என்ற ஒரே நம்பிக்கையின் மேல்தான் பிட்காயினில் உடைமை நிற்கிறது. 1994-ல் பீட்டர் ஷோர் காட்டிய வழிமுறை, போதுமான பெரிய குவாண்டம் கணினி ஒன்று கிடைத்தால் அப்படித் திரும்ப முடியும் என்கிறது. சங்கேதத் தகவல்களை இன்றைக்கே சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு திறந்து படிப்பார்கள் என்ற அச்சம் மெசேஜிங் செயலிகளுக்குப் பொருந்தும். பிட்காயினில் திறந்து படிக்க எதுவும் இல்லை, ஏடு முழுக்கத் திறந்தே கிடக்கிறது. இங்கே நடக்கப்போவது கள்ளக் கையொப்பம். அதைப் போட்டுவிட்டால் நாணயம் விதிப்படி, எல்லா நோடுகளின் ஒப்புதலோடும் வேறொருவர் கைக்குப் போய்விடும். என் நோடும் சரி என்றுதான் சொல்லும்.

ஒரு பரிவர்த்தனையைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 2009 ஜனவரி 12 அன்று 170-வது பிளாக்கில் பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ, அதன் ஆரம்பகாலப் பயனரும் நிரலாளருமான ஹால் ஃபின்னிக்கு 10 பிட்காயின் அனுப்பினார். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய முதல் பிட்காயின் அதுதான். 9-வது பிளாக்கில் கிடைத்த 50 நாணயத்தை எடுத்து, 10-ஐ ஃபின்னிக்குக் கொடுத்துவிட்டு, மீதி 40-ஐத் தனக்கே திருப்பிக்கொண்டார். சொந்த நோடு உள்ள யாரும் அதை இப்போதே எடுத்துப் பார்க்கலாம். இரண்டு வெளியீடுகள் (பணம் போய்ச்சேரும் இடங்கள்), இரண்டிலும் 04 என்று தொடங்கும் 130 எழுத்துகள். அவைதான் பொதுச்சாவிகள். நாம் இன்று முகவரி என்று சொல்வது எதுவும் அங்கே இல்லை. ஹாஷ் இல்லை, மறைப்பு இல்லை, சாவி அப்படியே பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். மீதி 40 நாணயம் போய்ச் சேர்ந்தது, 50 நாணயம் இருந்த அதே சாவிக்குத்தான். ஒரே சாவியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள் என்று இன்று சாவிகளைக் காக்கும் வாலட் செயலிகள் பலவும் சொல்கின்றன. ஒரே சாவியை மறுபடி பயன்படுத்தும் பழக்கமும், சாவியை வெளிப்படையாக வைக்கும் பழக்கமும், இரண்டும் முதல் பரிவர்த்தனையிலேயே இருக்கின்றன.

அந்தக் காலத்து வடிவில், சாவி நேரடியாகத் தெரியும்படி கிடக்கும் நாணயங்கள் ஏறத்தாழ 17 லட்சம். மொத்தமே 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்ட முடியாத ஒரு பணத்தில் 17 லட்சம் என்பது சின்ன எண் இல்லை. அவற்றில் பெரும்பகுதி பத்தாண்டுக்கு மேலாக அசையவே இல்லை. சதோஷியுடையது என்று கருதப்படுபவையும் இதில்தான் அடங்கும்.

பிறகு பரவிய முகவரி வகைகள் பெரும்பாலானவற்றில் சாவியின் ஹாஷ் மட்டும்தான் ஏட்டில் ஏறும். நீங்கள் செலவழிக்கும்வரை சாவி வெளியே வராது. ஆனால் ஒருமுறை செலவழித்துவிட்டு அதே முகவரியில் மறுபடி பணம் வாங்கினால் மறைப்பு போய்விட்டது. நன்கொடைக்காக ஒரே முகவரியை ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் போட்டு வைத்திருப்பவர்களும், பெரிய தொகையை ஒரே முகவரியில் குவித்து வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்சுகளும் இந்த வகை. இவற்றையெல்லாம் கூட்டினால், எண்ணும் முறையைப் பொறுத்து விடை மாறினாலும், புழக்கத்தில் உள்ளவற்றில் கால்பங்குக்குக் குறையாமல் வருகிறது.

இதில் டேப்ரூட்டைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 2021 நவம்பரில் அமலுக்கு வந்த அந்த முகவரி வகை பொதுச்சாவியை மறுபடியும் நேரடியாக ஏட்டில் வைத்தது. அப்போது சொன்ன காரணம் எனக்குத் தெரியும். ஏற்கெனவே இவ்வளவு சாவிகள் வெளியே கிடக்கும்போது புதிதாக வருபவற்றை ஹாஷுக்குள் மறைப்பதால் பெரிய பயனில்லை, இடமாவது மிச்சமாகட்டும் என்பது. அன்றைக்கு அது நியாயமான வாதம். இன்று அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். சேமிப்புக்காகப் பணம் வைப்பவர்கள், நவீனமானது என்று நம்பி, 2009-ல் இருந்த அதே திறந்த நிலைக்குத் தங்கள் சாவியைக் கொண்டுபோகிறார்கள். வாலட்டில் முகவரி உருவாக்கும் திரையில் இதைச் சொல்லும் ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

சரி, இயந்திரம் எப்போது வரும்? இதில் யாரும் தேதி சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் தேவைப்படும் இயந்திரத்தின் அளவு எப்படிச் சுருங்கிவருகிறது என்று பாருங்கள். இணையத்தில் பரவலாகப் புழங்கும் ஆர்எஸ்ஏ என்ற பொதுச்சாவி முறையின் 2,048 பிட் சாவியை உடைக்க 2 கோடி க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) வேண்டும் என்று 2019-ல் ஆய்வாளர்கள் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெராவும் கணக்கிட்டார்கள். அதே கிட்னி 2025 மே மாதம் வெளியிட்ட கணக்கில் அது 10 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது, வேலை முடிய ஒரு வாரத்துக்கும் குறைவான நேரம். ஆறு ஆண்டில் இருபதில் ஒரு பங்கு. இந்த முன்னேற்றம் முழுக்கக் காகிதத்தில் நடந்தது, புதிய வன்பொருள் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. பிட்காயின் பயன்படுத்தும் 256 பிட் நீள்வட்ட வளைவுச் சாவியோ, அந்த ஆர்எஸ்ஏ சாவியைவிடக் குறைந்த க்யூபிட்டில் உடையக்கூடியது. இன்னொரு பக்கம், கூகுளின் வில்லோ சில்லில் 105 க்யூபிட்தான். இடைவெளி இன்னும் மிகப் பெரியது. அதே சில்லு, க்யூபிட்டுகளைக் கூட்டக்கூட பிழை குறைவதை 2024 டிசம்பரில் காட்டியது. இத்துறையில் பல ஆண்டுகளாகக் காத்திருந்த விஷயம் அது.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், இன்று புழங்கும் பொதுச்சாவி முறைகளை 2030-க்குப் பிறகு ஒதுக்கத் தொடங்கி 2035-க்குப் பிறகு அனுமதிக்காமல் விடுவது என்று வரைவுத் திட்டம் வெளியிட்டிருக்கிறது. பிரிட்டனின் சைபர் பாதுகாப்பு மையமும் 2035-ஐத்தான் கடைசி எல்லையாக வைத்திருக்கிறது. இயந்திரம் அந்த ஆண்டில் வந்துவிடும் என்பது இதற்குப் பொருளல்ல. மாறுவதற்கே அவ்வளவு காலம் பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நமக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? பிளாக்கின் கொள்ளளவைக் கூட்டிய செக்விட் என்ற விதி மாற்றம் 2015 டிசம்பரில் முன்வைக்கப்பட்டு 2017 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. அதற்குள் சமூகமே இரண்டாகப் பிளந்து பிட்காயின் கேஷ் தனி நாணயமாகப் பிரிந்து போனது. பெரிய சண்டை இல்லாத டேப்ரூட்டுக்கே, 2018 ஜனவரியில் யோசனை சொல்லப்பட்டதிலிருந்து கிட்டத்தட்ட நான்கு ஆண்டு ஆனது. விதி மாறிய பிறகும் வாலட்டுகளும், ஹார்டுவேர் கருவிகளும், எக்ஸ்சேஞ்சுகளும் மாறவேண்டும். அதன்பிறகு ஒவ்வொருவரும் தங்கள் நாணயத்தைத் தாங்களே நகர்த்தவேண்டும். செலவாகாமல் கிடக்கும் வெளியீடுகள் 15 கோடிக்கு மேல். பிளாக்குகளை வேறெந்தப் பரிவர்த்தனையும் இல்லாமல் இந்த ஒரு வேலைக்கே ஒதுக்கினால்கூட 76 நாள் ஆகும் என்று கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் கணக்கிட்டார்கள். நடைமுறையில் பிளாக்கின் ஒரு சிறு பகுதிதான் இதற்குக் கிடைக்கும். எனவே ஆண்டுகள் ஆகும். எல்லோரும் பயந்துபோய் ஒரே வாரத்தில் நகர்த்தக் கிளம்பினால் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சின்னச் சின்னத் தொகை வைத்திருப்பவர்களால் அந்தக் கட்டணத்தைக் கட்டவே முடியாது. சாவி அவர்களிடம் இருக்கும், நாணயமும் கண்ணுக்குத் தெரியும், ஆனால் நகர்த்தும் செலவு நாணயத்தின் மதிப்பைத் தாண்டிவிடும்.

"குவாண்டம் கணினி வந்தால் வங்கிகளும்தானே விழும், முதலில் அவர்கள் கவலைப்படட்டும்" என்று நம்மில் பலர் சொல்வதைக் கேட்கிறேன். எனக்கு இது சிறிதும் ஏற்புடையதாக இல்லை. சிக்னல் செயலி 2023-லேயே குவாண்டத்தைத் தாங்கும் சாவிப் பரிமாற்றத்துக்கு மாறிவிட்டது. ஆப்பிளின் ஐமெசேஜ் 2024-ல் மாறியது. சர்வர்களோடு பாதுகாப்பாக இணைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள் 2022 முதலே அதை இயல்புநிலையாக வைத்திருக்கிறது. பயன்படுத்துபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியாது. வங்கி ஒன்று தன் சர்வரை ஓர் இரவில் மாற்றலாம், கள்ளப் பரிவர்த்தனை நடந்தால் கணக்கைத் திருத்தலாம், வழக்குப் போடலாம். பிட்காயினில் திருத்த ஆள் கிடையாது. அதற்காகத்தான் நாம் இதை நேசிக்கிறோம். திருத்த ஆள் இல்லாத இடத்தில் முன்கூட்டித் தயாராவதைத் தவிர வேறு வழியும் கிடையாது.

இப்போது கையொப்பத்துக்கு வருகிறேன். நிஸ்ட் 2024 ஆகஸ்டில் புதிய தரங்களை வெளியிட்டது. கையொப்பத்துக்கு அதில் இரண்டு: லாட்டிஸ் என்ற புள்ளிக்கட்டங்களின் கணிதத்தில் நிற்கும் எம்எல்-டிஎஸ்ஏ, ஹாஷை மட்டும் நம்பும் எஸ்எல்எச்-டிஎஸ்ஏ. டேப்ரூட் பயன்படுத்தும் ஷ்னார் என்ற கையொப்பம் இன்று 64 பைட். எம்எல்-டிஎஸ்ஏவின் மிகச் சிறிய வடிவில் கையொப்பம் 2,420 பைட், கூடவே பொதுச்சாவி 1,312 பைட். எஸ்எல்எச்-டிஎஸ்ஏவில் சாவி வெறும் 32 பைட், ஆனால் கையொப்பம் 7,856 பைட். 40 லட்சம் எடையலகு (பிளாக்கின் இடத்தை அளக்கும் அலகு) கொண்ட நம் பிளாக்கில், ஒரே உள்ளீடு கொண்ட பரிவர்த்தனை எம்எல்-டிஎஸ்ஏவில் ஏறத்தாழ ஆயிரம்தான் பிடிக்கும். எஸ்எல்எச்-டிஎஸ்ஏ என்றால் அதில் பாதி. பிளாக் அளவுக்காக இரண்டு ஆண்டு சண்டை போட்ட சமூகம் இது. இந்த எண்களைப் பார்த்ததும் பழைய காயம் திறந்துகொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பலரும் வாய் திறக்கத் தயங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அவசரப்பட்டு ஒரு முறையைப் பிடித்துக்கொள்வதும் ஆபத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிஸ்ட் போட்டியில் இறுதிச் சுற்றுவரை வந்த ரெயின்போ என்ற கையொப்ப முறையை 2022-ல் ஓர் ஆய்வாளர் சாதாரண லேப்டாப்பில் ஒரு வார இறுதிக்குள் உடைத்துக் காட்டினார். அதே ஆண்டில் சைக் என்ற சாவிப் பரிமாற்ற முறை, சாதாரணக் கணினிச் சில்லின் ஒற்றைக் கோரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விழுந்தது. இரண்டையும் உடைக்கக் குவாண்டம் கணினியே தேவைப்படவில்லை. பல ஆண்டுகள் நிபுணர்கள் பார்த்துப் பார்த்துச் செதுக்கியவை அவை. இப்படி ஒன்றை நெறிமுறையில் ஏற்றிய பிறகு அது உடைந்தால் நிலைமை இன்றைக்கு இருப்பதைவிட மோசம்.

இதை யோசித்துத்தான் ஹாஷ் அடிப்படையிலான கையொப்பத்தை முதலில் எடுங்கள் என்கிறேன். லெஸ்லி லாம்போர்ட் 1979-ல் தொடங்கிவைத்த யோசனை அது. அதற்கு வேண்டியது ஹாஷ் உடையக் கூடாது என்பது மட்டும்தான், ஹாஷ் உடைந்தால் பிட்காயினே இல்லை. ஆகவே புதிதாக எதையும் நாம் நம்பவேண்டியிருக்காது. அளவையும் குறைக்க வழியிருக்கிறது. தரத்தில் உள்ள எஸ்எல்எச்-டிஎஸ்ஏ, ஒரே சாவியால் 2-இன் 64-ஆம் அடுக்கு எண்ணிக்கையில் கையொப்பமிடலாம் என்ற அனுமானத்தில் கட்டப்பட்டது. எந்தப் பிட்காயின் சாவியும் அப்படிக் கையொப்பமிடப்போவதில்லை. அந்த வரம்பைச் சில லட்சத்துக்கோ கோடிக்கோ இறக்கினால் கையொப்பம் கணிசமாகச் சுருங்கும். இந்தத் திசையில் நடக்கும் ஆராய்ச்சிக்கு நேரமும் பணமும் கொடுங்கள்.

பெரிய கையொப்பத்தை இன்றே எல்லோரும் போடவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. பிஐபி 360 என்ற பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு சொல்வது, டேப்ரூட்டில் செலவழிக்கும் வழிகளை அடுக்கி வைக்கும் மரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வெளியே தெரியும் சாவியை எடுத்துவிடும் முகவரி வகை. ஏட்டில் மரத்தின் வேர் ஹாஷ் மட்டும் ஏறும். அந்த மரத்தில் ஒரு கிளையில் இன்றைய ஷ்னார், இன்னொரு கிளையில் ஹாஷ் கையொப்பம் என்று வைத்துவிட்டால், அன்றாடம் சின்னக் கையொப்பத்தைப் போட்டுக்கொண்டிருக்கலாம். ஆபத்து நெருங்கும் நாளில் ஷ்னார் கிளையை விதியால் அடைத்துவிட்டு மற்றக் கிளையால் செலவழிக்கலாம். நாணயத்தை மறுபடி நகர்த்தவேண்டிய அவசியமே இருக்காது. செலவழிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், பரிவர்த்தனை பிளாக்கில் ஏறுவதற்கு முன் மெம்பூல் என்ற வரிசையில் காத்திருக்கும்போது வெளியே வரும் சாவியை உடைக்கும் அளவுக்கு வேகமான இயந்திரம் வரும்வரை இந்த ஏற்பாடு தாங்கும். இதைச் சாஃப்ட் ஃபோர்க்காகவே, அதாவது பழைய மென்பொருளும் தொடர்ந்து ஓடக்கூடிய விதி மாற்றமாகவே, செய்யலாம். விரும்பாதவர்கள் பழைய முகவரியிலேயே இருக்கலாம். இதை ஏன் இன்னும் ஐந்து ஆண்டு விவாதிக்க வேண்டும் என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் ஒன்றையும் நான் கேள்விப்படவில்லை.

கடினமான பகுதி பழைய நாணயங்கள்.

ஹால் ஃபின்னிக்கு 2009-ல் உடலைப் படிப்படியாக முடக்கும் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் கண்டறியப்பட்டது. 2014-ல் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அவரே எழுதியதில், தன் பிட்காயின்கள் வங்கிப் பெட்டகத்தில் இருப்பதாகவும், மகனும் மகளும் விவரம் அறிந்தவர்கள் என்பதால் கவலையில்லை என்றும் குறிப்பிட்டார். பெட்டகத்தில் சாவி எழுதிவைத்த தாள் இருந்தால் நாணயம் அழியாது, யாரும் தொடமுடியாது என்பது பிட்காயின் கொடுத்த வாக்கு. ஆண்டுக்கணக்கில் அசையாத நாணயம் என்றால் தொலைந்துபோன நாணயம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதில் ஒரு பங்கு, சிறையில் இருப்பவருடையதாக இருக்கலாம். ஒரு பங்கு, இன்னும் வயதுக்கு வராத பிள்ளைக்காக ஒருவர் பூட்டி வைத்ததாக இருக்கலாம். எந்தப் பங்கு எது என்று ஏட்டைப் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது.

பிட்காயின் பொறியாளர் ஜேம்சன் லாப்பும் மற்றவர்களும் 2025 ஜூலையில் ஒரு திட்டம் வைத்தார்கள். புதிய முகவரி வகை வந்து மூன்று ஆண்டுக்குப் பிறகு பழைய முகவரிகளுக்குப் பணம் அனுப்ப முடியாது. அதற்கு இரண்டு ஆண்டுக்குப் பின் பழைய கையொப்பங்களே செல்லாது. முதல் இயந்திரத்தைக் கட்டுபவனுக்கு லட்சக்கணக்கான நாணயங்களைப் பரிசாகத் தருவதைவிட, அவை முடங்கிக் கிடப்பது மேல் என்பது அவர்கள் வாதம். எதிர்ப்பவர்கள், அடுத்தவன் பணத்தை விதியை மாற்றிப் பறிப்பது பிட்காயினின் முடிவு என்கிறார்கள். 2016-ல் டிஏஓ என்ற முதலீட்டு நிதியில் நடந்த திருட்டுக்குப் பின், எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ நாணயம் தன் ஏட்டைத் திருத்தியதையும், அதனால் எத்தீரியம் கிளாசிக் பிரிந்து போனதையும் எடுத்துக்காட்டுகிறார்கள். இரண்டு தரப்பும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள். எனக்கு வருத்தமெல்லாம் மூன்றாவது தரப்பின் மேல்தான். ஒன்றும் செய்யாமல் இருந்தால் நாம் எந்தப் பக்கமும் சாயவில்லை என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். ஒன்றும் செய்யாவிட்டால் அந்த நாணயங்கள் உரியவரிடம் இருந்துவிடப் போவதில்லை, முதலில் வருபவன் எடுத்துக்கொள்வான்.

என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். பழைய கையொப்பத்துக்கு ஒரு கெடு வையுங்கள், ஆனால் கெடு தாண்டியவருக்குத் திரும்பிவர வழி வையுங்கள். இன்றைய வாலட்டுகள் பெரும்பாலானவற்றில் சாவி எல்லாம் உரிமையாளர் ரகசியமாக எழுதிவைத்துக்கொள்ளும் 12 அல்லது 24 சீடு வார்த்தைகளிலிருந்து ஹாஷ் வழியாகப் பிறக்கின்றன. குவாண்டம் கணினி சாவியைக் கண்டுபிடிக்கலாம், அந்த வார்த்தைகளைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, வார்த்தைகளை வெளியிடாமலேயே தெரியும் என்று நிரூபிப்பவருக்கு நாணயத்தைத் திறந்துவிடலாம். பூஜ்ய அறிவு நிரூபணத்தால் இது ஆகக்கூடியது. எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பூட்டெரின் 2024 மார்ச்சில் அவசரகாலத்துக்காக எழுதிய திட்டமும் இதே யோசனைதான். பத்து ஆண்டு கழித்து வரும் வாரிசும் தாளை எடுத்து வந்து தன் உரிமையை நிலைநாட்டலாம். பறித்தோம் என்ற சொல்லுக்கு இடமிருக்காது.

ஆனால் 2009, 2010-இன் நாணயங்களுக்கு இது உதவாது. இன்று பரவலாக உள்ள சீடு வார்த்தைத் தரமே 2013-ல்தான் வந்தது, அன்றைய சாவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தற்செயல் எண்ணிலிருந்து பிறந்தவை. உரிமையாளருக்கும் திருடனுக்கும் வித்தியாசம் காட்ட எதுவும் மிச்சமில்லை. இவற்றை முடக்குவதை என் மனம் ஏற்கவில்லை, வெள்ளமாகத் திறந்துவிடுவதையும் ஏற்கவில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்ற யோசனை ஒன்று விவாதத்தில் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கிறது. ஒரு பிளாக்கில் இப்படிப்பட்ட பழைய வெளியீடு ஒன்றுதான் செலவாகலாம் என்று வைத்தால்? பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் 50 நாணயம் இருக்கிறது, 17 லட்சமும் எட்டு மாதத்தில் வெளியே வந்துவிடும். அது போதாது. பிளாக்குக்கு ஒரு நாணயம் என்று குறுக்கினால் 32 ஆண்டு ஆகும். சந்தை தாங்கும். அந்த ஓர் இடத்துக்காகத் திருட வருபவர்கள் கட்டணத்தில் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்வார்கள், திருட்டுப் பணத்தில் பெரும்பகுதி மைனர்களிடம், அதாவது வலையமைப்பின் காவலுக்கே, போய்ச்சேரும். கெடுவுக்கு முன்னால் உரிமையாளர் வந்தால் தடையின்றி எடுத்துக்கொள்ளட்டும். இதைவிட நல்ல வழி உங்களிடம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். ஆனால் சொல்லிவிடுங்கள். முதல் திருட்டு நடந்த மறுநாள் காலையில், விலை சரிந்துகொண்டிருக்கும்போது இந்த முடிவை எடுக்கவே முடியாது.

வாலட் செய்பவர்களிடம் தனியாக ஒன்று கேட்கவேண்டும். எந்த விதி மாற்றமும் இல்லாமல் இந்த மாதமே நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 2025 ஆகஸ்டில் எல் சால்வடோர் அரசு தன் இருப்பை ஒரே முகவரியிலிருந்து எடுத்து, 500 நாணயத்துக்கு மிகாமல் 14 புதிய முகவரிகளில் பிரித்து வைத்தது, குவாண்டம் ஆபத்தைக் காரணமாகச் சொல்லியே செய்தது. ஓர் அரசு செய்ததைச் சாதாரண வாலட்டிலும் ஒரு பொத்தானில் செய்யவிடுங்கள்: சாவி வெளியே தெரிந்த நாணயங்கள் எவை என்று பட்டியலிட்டு, கட்டணம் குறைவான நேரத்தில் சாவி தெரியாத முகவரிக்கு நகர்த்தும் வசதி. பழைய முகவரியில் மறுபடி பணம் வாங்கப்போனால் தடுத்துக் கேளுங்கள். ஏட்டில் மறைந்திருக்கும் பொதுச்சாவி, வாலட் சர்வருக்கு அனுப்பப்படும் விரிசாவி (ஒரு வாலட்டின் பொதுச்சாவிகளை உருவாக்கித் தரும் சாவி) வழியாக வெளியே கசிகிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள். அந்த சர்வர்களின் தரவுத்தளம் நாளைக்கு யார் கையில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம், இடம்பெயரும் நாளைப் பற்றி எனக்கு இருக்கும் மிகப் பெரிய பயம் குவாண்டம் கணினி அல்ல. "உங்கள் நாணயத்தைக் குவாண்டம் பாதுகாப்புக்கு மாற்ற, சீடு வார்த்தைகளை இங்கே டைப் செய்யுங்கள்" என்ற வாட்ஸ்அப் செய்தி. அந்தச் செய்தி தமிழில் வரும், நல்ல தமிழில் வரும், தெரிந்த வாலட்டின் சின்னத்தோடு வரும். விதி மாற்றம் பற்றிய விளக்கமோ ஆங்கிலத்தில் மட்டும், நிபுணர்களுக்கு மட்டும் புரியும்படி இருக்கும். இந்த இடைவெளியில்தான் ஆட்கள் பணத்தைத் தொலைப்பார்கள். ஆகவே இடம்பெயர்வுக்கு ஒரே வழிமுறையை எல்லா வாலட்டுகளும் சேர்ந்து வகுங்கள். அதில் சீடு வார்த்தைகளை எந்தத் திரையிலும் கேட்கமாட்டோம் என்று இப்போதே பகிரங்கமாக அறிவியுங்கள். அறிவிப்பை மக்கள் பேசும் மொழிகளில் வெளியிடுங்கள். தமிழுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், என்னோடு வர இன்னும் சிலரும் இருக்கிறார்கள்.

பிஐபி 360-க்குச் சோதனை வலையமைப்பில் ஒரு வடிவம் தாருங்கள். என் நோடில் அதை ஏற்றி ஓட்டி, பார்த்ததை எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நோடு ஓட்டும் ஒரு தமிழ் வாசகர்